ரேழியைத் தாண்டாத அலை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் என் அத்தை வீடு. முகப்பு 18 அடிதான், நீளம் 120 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதற்கும் பின்னால் ஒரு சின்ன அறை, கிணற்றடி, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியவை, ஒன்றரை முழம் கனம். கொல்லைப் பக்கம் செல்போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அத்தைக்கு 78 வயசு, தனியாக இருக்கிறாள். பகல் முழுக்கப் பின்னறையில்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாட்ஸப்பில் கூப்பிட்டால் ரேழிக்கு ஓடி வரணும். போன மழைக்காலத்தில் அப்படி வரும்போது முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, கையில் சிராய்ப்போடு போயிற்று. "ஏண்டா, காசு குடுத்து வாங்கின வைஃபை வாசலோட நின்னுடுமா?" என்று என்னைக் கேட்டாள்.

பதில் தேடி மொட்டைமாடி ஏறினேன். அங்கே கைப்பிடிச் சுவர் ஓரத்தில் துருப்பிடித்த ஒரு இரும்புக் கம்பமும், அதில் தொங்கும் ஒரு பீங்கான் குமிழும். தாத்தா காலத்து ரேடியோ ஏரியல்! அந்தக் கால வால்வு ரேடியோவுக்கு மாடியில் கம்பி கட்டி, அதிலிருந்து ஒரு ஒயரைக் கூடத்துக்கு இறக்க வேண்டும். அதனால் ஒயர் எங்கே இறங்குகிறதோ, அங்கேதான் ரேடியோ. அதாவது "கருவியை எங்கே வைப்பது" என்ற கேள்வி இந்த வீட்டுக்குப் புதுசு இல்லை.

இங்கே கொஞ்சம் வரலாறு. சென்னை மாகாணத்தில் முதலில் அலையை அனுப்பிப் பார்த்தது அரசாங்கம் அல்ல, 1924-இல் தொடங்கிய ஒரு ரேடியோ கிளப். பணமில்லாமல் அது 1927-இல் படுத்துவிட, 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைக் கையில் எடுத்தது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் கடற்கரை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது 1938-இல். அடுத்த வருஷம், 1939 மே 16 அன்று, திருச்சி நிலையம். 5 கிலோவாட் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர். அதுமுதல் காவிரிக்கு இந்தப் பக்கத்துக் கூடங்களிலும் பாட்டுக் கேட்க ஆரம்பித்தது.

அந்த அலைக்கும் இப்போதைய வைஃபைக்கும் என்ன வித்தியாசம்? நீளம்தான். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 320 மீட்டர். நம்ம ராஜகோபுரத்தின் உயரத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய அலைக்கு ஒன்றரை முழச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையோ பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட வராது. 5 ஜிகாஹெர்ட்ஸ் அதில் பாதிக்கும் குறைவு. ஈரம் ஊறிய சுவர், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி என்று வழியில் நிற்கும் எல்லாம் அதைத் தின்றுவிடும். வேகம் வேண்டுமென்றால் 5, சுவரைத் துளைக்க வேண்டுமென்றால் 2.4. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமானது. 1933-ஆம் வருஷத்து இந்திய ஒயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது. வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸைப் புதுப்பித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. வெளிநாட்டில் 802.11பி தரம் 1999-இலேயே வந்துவிட்டது. இங்கே 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற விதி வந்தது 2005-இல்தான், அதே 1933 சட்டத்திலிருந்து விலக்காக. கூடவே சக்திக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். அந்த வரம்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் உதவும்.

ஏனென்றால் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் ஆறு கொம்பு முளைத்த ஒரு ரவுட்டரைக் காட்டி, "சார், இது மூணு மாடி பாயும்" என்றார்கள். பாயாது. கொம்பு எத்தனை இருந்தாலும் மொத்த சக்தி வரம்புக்குள்தான். அப்படியே ரவுட்டர் கத்தினாலும், பின்னறையில் இருக்கும் போன் திரும்பப் பேச வேண்டாமா? அதன் குரல் இதைவிடச் சன்னம். இது வானொலி இல்லை. இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் அளந்தேன். போனில் ஒரு இலவச வைஃபை அனலைசர் போதும். அது டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 10 இறங்கினால் சக்தி பத்தில் ஒன்று. ரேழியில் மைனஸ் 38. கூடத்தில் மைனஸ் 61. அடுக்களையில் மைனஸ் 79, அதாவது ரேழியில் இருந்ததில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்னறையில் மைனஸ் 88. வீடியோ கால் ஒழுங்காக வர மைனஸ் 67-க்குள் இருந்தால் நல்லது.

இணைப்புக் கொடுக்க வந்தவர் ஃபைபர் உள்ளே நுழைந்த இடத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். முதல் காரியமாக அதைக் கூடத்தின் முற்றத்து ஓரத்துக்கு, ஆளுயரத்துக்கு மாற்றினோம். முற்றம் திறந்த வெளி என்பதால் அலைக்குத் தடை கிடையாது. அடுக்களைக்கு மைனஸ் 66 வந்தது. பின்னறை மட்டும் மசியவில்லை, மைனஸ் 78.

மெஷ் வாங்கலாமா என்று யோசித்தேன். தில்லைநகர் மாதிரி அடுக்குமாடி வீட்டுக்கு அது சரி. ஆனால் கம்பியில்லா மெஷ்ஷில் இரண்டாவது பெட்டிக்கும் முதல் பெட்டியின் அலை நன்றாகக் கிடைத்தாக வேண்டும். கிடைக்காத இடத்தில் வைத்தால் கிடைக்காததைத்தான் பங்கிட்டுக் கொடுக்கும். நம்ம வீடு ரயில்பெட்டி. கம்பிதான் சரி என்று தோன்றியது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், இங்கே 25 மீட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. உத்தரத்தை ஒட்டியே கேட்-6 கேபிளை இழுத்து, ஆக்சஸ் பாயிண்டாக மாற்றக்கூடிய ஒரு சாதாரண இரட்டை அலைவரிசை ரவுட்டரைப் பின்னறையில் வைத்தோம். பெயர், பாஸ்வேர்டு இரண்டிலும் ஒன்றே. 2.4-இல் முன்பக்கத்துக்குச் சேனல் 1, பின்பக்கத்துக்கு 11. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் 6-இல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பின்னறையில் மைனஸ் 47. அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே பேரனின் பல் விழுந்த கதையைக் கேட்கிறாள். கேபிள் போன வழியைப் பார்த்தால், தாத்தா ஏரியல் ஒயர் இறக்கிய அதே ஓட்டை வழியாகத்தான் கூடத்திலிருந்து கிளம்புகிறது.

கிணற்றடியில் இன்னும் மைனஸ் 74-தான். "துணி துவைக்கறச்சேதான் அவனுக்குப் போன் பண்ணத் தோணறது" என்கிறாள். அடுத்த தடவை போகும்போது பெட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்க்கணும்.