பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டிய படம்: வீட்டு வீடியோ குறித்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கேள்வியும்

குடும்பத்தார் தம்மவரைப் படம்பிடித்துத் தம்மவருக்கே போட்டுக் காட்டும் படத்தை இக்கட்டுரை வீட்டு வீடியோ என்கிறது. ஃபிலிம், கேசட், கைப்பேசி எதில் எடுத்திருந்தாலும் சரி. காசு கொடுத்து எடுக்கும் கல்யாண வீடியோவை இதில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். கேமரா பிடிப்பவர் தொழில்காரர்தான். ஆனால் யாரை எடுக்க வேண்டும், யாரை விட்டுவிடக் கூடாது என்று அவர் தோளைத் தட்டிச் சொல்வது பெரியப்பாவும் அத்தையும்தான். ஆகவே சேர்த்துக்கொள்கிறேன்.

வீட்டுப் படங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஒதேன் ஒரு விசித்திரமான கருத்தைச் சொன்னார். இந்தப் படம் கோவையாக, நன்றாக எடுக்கப்பட்டால் குடும்பத்துக்கு அதனால் பயன் குறைந்துவிடும் என்பது அது. முன்பின் தொடர்பில்லாமல் துண்டுதுண்டாகக் கிடப்பதால்தான் பார்க்கிறவர்கள் பேசிப் பேசி இடைவெளியை நிரப்புகிறார்கள். அவர் சொல்வது சரியென்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் அடுத்த கேள்வி, கருவி மாறியபோதெல்லாம் அந்தப் பேச்சுக்கு என்ன ஆயிற்று என்பதுதான்.

2. கருவியும் கால அளவும்

சினிமா பிறந்த 1895-லேயே வீட்டுப் படமும் பிறந்துவிட்டது. லூயி லூமியேர் தன் அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவதை அந்த ஆண்டில் படம்பிடித்தார். ஆனால் சாதாரணக் குடும்பங்களின் கைக்குக் கேமரா வரப் பல ஆண்டுகள் ஆயின. கோடாக் நிறுவனம் 1923-இல் 16 மி.மீ. ஃபிலிமையும், 1932-இல் அதைவிட மலிவான 8 மி.மீ. ஃபிலிமையும், 1965-இல் சூப்பர் 8-ஐயும் கொண்டுவந்தது.

சூப்பர் 8 பெட்டி ஒன்றில் 50 அடி ஃபிலிம் இருக்கும். வழக்கமான வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. ஃபிலிமுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. எனவே கேக் வெட்டுவது, கடலில் கால் நனைப்பது, கேமராவைப் பார்த்துக் கையாட்டுவது என்று ‘எடுக்கத்தக்க’ நொடிகளுக்கு மட்டுமே பொத்தான் அமுங்கியது. பெரும்பாலும் ஒலியும் கிடையாது. வீட்டு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டும்போது, ஒலி முழுக்கப் பார்க்கிறவர்களிடமிருந்தே வந்தது.

வி.எச்.எஸ். கேசட் 1976-இல் வந்தது. கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்த கேம்கார்டர் 1983-இல் விற்பனைக்கு வந்தது. முழு அளவு கேசட் ஒன்றில் மூன்று மணிநேரம் எடுக்கலாம். அழித்து மறுபடியும் எடுக்கலாம். அதன்பின் கேமரா சும்மாவே ஓடத் தொடங்கியது. பிறந்தநாள் பாட்டுக்குப் பின்னால் குக்கர் விசில், யாரோ யாரையோ பால் வாங்கப் போகச் சொல்வது, பாட்டி வெங்காய விலையைப் பற்றி அலுத்துக்கொள்வது எல்லாம் பதிவாயின. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மைக் கேமராவிலேயே இருப்பதால், படத்தில் ஒருபோதும் தலைகாட்டாத அப்பாவின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்கும். மகளைத் திரும்பச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சலித்துக்கொள்கிறார். முன்பு படத்துக்கு வெளியே நடந்த பேச்சில் ஒரு பங்கு இப்போது நாடாவுக்குள்ளேயே ஏறிவிட்டது.

3. சொல்லாவிட்டால் புரியாத படம், சொல்லிவிட்ட படம்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய திரைப்படங்களுக்கென ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் வீட்டுப் படங்களும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். யூட்டா பாலைநிலத்திலிருந்த டோபாஸ் முகாமில் கேமரா வைத்திருக்கத் தடை. டேவ் தட்சுனோ என்ற கடைக்காரர் முகாம் ஊழியர் ஒருவரின் உதவியோடு தன் 8 மி.மீ. கேமராவை உள்ளே வரவழைத்து ரகசியமாகப் படமெடுத்தார். பனி பெய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், எல்லாம் வண்ணத்தில், சத்தமில்லாமல். விவரம் அறியாதவர் பார்த்தால் ஏதோ குளிர்கால விடுமுறை என்று நினைத்துவிடக்கூடும். அடைபட்டுக் கிடந்தவர் ஒருவர் உடனிருந்து சொல்லும்போதுதான் இது எந்த இடம் என்பது உறைக்கும். இப்படம் 1996-இல் பட்டியலில் சேர்ந்தது.

மற்றொன்று, ‘டிஸ்னிலேண்ட் ட்ரீம்’. கனெக்டிகட் மாநிலத்து ராபின்ஸ் பார்ஸ்டோ குடும்பம் ஸ்காட்ச் டேப் நடத்திய போட்டியில் வென்று, புதிதாகத் திறந்திருந்த டிஸ்னிலேண்டுக்கு 1956-இல் இலவசமாகப் போய்வந்தது. பார்ஸ்டோ காட்சிகளை எடுத்துக் கோத்ததோடு, பரிசுச் செய்தி வந்த நேரத்தைக் குடும்பத்தாரைக் கொண்டு மறுபடி நடிக்கவும் வைத்தார். பிற்காலத்தில் தன் குரலிலேயே விளக்கவுரையும் சேர்த்தார். பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லிவிட்டதால் முன்பின் தெரியாதவரும் இதை ரசிக்கலாம். 2008-இல் இதுவும் பட்டியலேறியது. ஆனாலும் ஒன்றை அவர் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. கூட்டத்தில் கையேடு விற்றுக்கொண்டு ஒரு சிறுவன் நொடிநேரம் கடந்துபோகிறான். பின்னாளில் நடிகரான ஸ்டீவ் மார்ட்டின்தான் அது என்பதை மார்ட்டினே பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு விளக்கவுரை எழுதினாலும் படத்தின் ஓரத்தில் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

4. கேசட்டில் ஏறிய கல்யாணம்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் கேமராக்காரர் பின்னால் ஃபோகஸ் லைட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், ஒயரை இழுத்துக் கொடுக்க இன்னொருவன் என்று ஒரு சிறு ஊர்வலமே போகும். பந்தியில் அந்த வெளிச்சம் வரிசையாக நகர்ந்து வரும்போது, சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நிற்கும். கண் கூசிக் குனிந்து, இலையில் இல்லாத எதையோ தேடுவார்கள். வெளிச்சம் அடுத்த இலைக்குப் போனதும் கவளம் வாய்க்குள் போகும்.

பிறகு ஸ்டூடியோவில் மிக்ஸிங். இதயவடிவச் சட்டத்துக்குள் மணமக்கள், பின்னணியில் அந்த வருஷத்துச் சினிமாப் பாட்டு. நாதஸ்வரமும் கெட்டிமேளமும் தப்பின. மண்டபத்தில் நடந்த பேச்சுகள் பெரும்பாலும் அழிந்தன. தமிழ்க் கல்யாண வீடியோவுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுதான் என்பேன். மேடையேறிப் பரிசு கொடுத்த தாத்தாவின் முகம் இருக்கிறது, அவர் என்ன சொல்லி வாழ்த்தினார் என்பது இல்லை.

ஈழத்தமிழரிடையே இந்தக் கேசட்டுக்குக் கனம் கூடுதல். போரால் சிதறியவர்கள் கல்யாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் (பூப்புநீராட்டு விழாவுக்கும்) போய்வர முடியாதபோது, கேசட்தான் போனது, வந்தது. அதிலும் ஒரு தடை இருந்தது. இலங்கையில் ஒளிபரப்பு முறை பி.ஏ.எல். (PAL), கனடாவில் என்.டி.எஸ்.சி. ஊரிலிருந்து வந்த கேசட் டொரன்டோ வீட்டுச் சாதாரண டெக்கில் ஓடாது. மல்டி சிஸ்டம் டெக் வைத்திருப்பவர் வீட்டில் கூட வேண்டும், அல்லது மாற்றிப் பதிய வேண்டும். தொழில்நுட்பத் தொல்லைதான், ஆனால் அதன் தயவில் பல குடும்பங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, “அது ஆர், சின்னம்மான்ர மகளே?” என்று கேட்டுக்கொண்டு பார்த்தன.

5. தெரியாதவர் கைக்குப் போவது

2007-இல் இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று, குழந்தை அண்ணனின் விரலைக் கடிக்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த வீடியோவை யூடியூபில் ஏற்றியது. அமெரிக்காவிலிருந்த ஞானத்தந்தைக்குக் காட்டத்தான் எடுத்தது. மின்னஞ்சலில் அனுப்பப் பெரிதாக இருந்ததால் யூடியூப். அதை 80 கோடி தடவைக்கு மேல் பார்த்தார்கள். ஒருவருக்கென்று எடுத்தது உலகத்துக்கே ஆனபோது, அந்தச் சிறுவர்களைத் தெரிந்து பேசுகிறவர் பார்வையாளரில் யாரும் இல்லை. தெரியாதவர்கள் எழுதும் கருத்தை நான் அந்தப் பேச்சில் சேர்க்க மாட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழு இதைவிடப் பரவாயில்லை, அங்கே ஆட்களையாவது தெரியும். ஆனால் வீடியோ சுருங்கிப்போகிறது, ஆளுக்கொரு நேரத்தில் பார்த்துவிட்டு ஒரு கைகூப்பலோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

6. காத்தல்

நம் ஈரக்காற்றில் பரணில் கிடக்கும் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-இல் நிறுத்திவிட்டது. கணினிக்கு மாற்றுவதை இனியும் தள்ளிப்போட முடியாது. மாற்றும்போது கேசட்டை முழுக்க ஓட்டியாக வேண்டும், மூன்று மணிநேர நாடாவுக்கு மூன்று மணிநேரம். கடையில் கொடுத்தால் அது ஆளில்லாமல் ஓடும். அமெரிக்க ஆவணக் காப்பாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் தொடங்கிய ‘ஹோம் மூவி டே’ வேறொரு வழியைக் காட்டுகிறது. அவரவர் தம் ஃபிலிமைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் ஓட்டி, தாமே எழுந்து விவரம் சொல்கிறார்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். நல்ல நிலையிலுள்ள டெக் ஒன்றை இரவல் வாங்கி, பெரியவர்களை உட்காரவைத்து, கேசட் ஓடும் மூன்று மணிநேரமும் அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்ய வேண்டும். யார் பெயர் என்ன என்பதில் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டால் அதையும் வெட்ட வேண்டாம். அந்த ஒலியைப் படத்தோடு ஒட்ட வேண்டியதில்லை. படத்துக்கு வைத்த அதே பெயரில், அதே ஃபோல்டரில் வைத்தால் போதும்.