வாசலில் நிற்கும் இருவர்

லண்டன் பெர்சி தெருவிலிருந்த டூர் ஐஃபெல் உணவகத்தில் வோர்ட்டிசிஸ்ட் கலைஞர்கள் கூடியிருப்பதைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று டேட் சேகரிப்பில் இருக்கிறது. இயந்திர யுகத்தின் கூர்மையையும் வேகத்தையும் பிரிட்டிஷ் ஓவியத்துக்குள் கொண்டுவர முனைந்த குழு அது. அகன்ற தொப்பியோடு நடுநாயகமாக விண்டம் லூயிஸ். அவரோடு ஹாமில்டன், கவிஞர் எஸ்ரா பவுண்ட், எட்செல்ஸ், வாட்ஸ்வொர்த், படத்தை வரைந்த வில்லியம் ராபர்ட்ஸ். அவர்களிடையே இளஞ்சிவப்பு அட்டை போட்ட, குழுவின் ‘பிளாஸ்ட்’ இதழ். தலைப்பு 1915 வசந்த காலம் என்கிறது. ஆனால் ராபர்ட்ஸ் இதை வரைந்தது 1961-62இல். இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் இந்தப் படத்தைப் படிக்கவே கூடாது.

1956இல் டேட் நடத்திய கண்காட்சியின் கையேட்டில், வோர்ட்டிசிசம் என்பதே ஒரு காலத்தில் தாம் செய்ததும் சொன்னதும்தான் என்ற பொருளில் லூயிஸ் எழுதினார். ராபர்ட்ஸ் கொதித்துப்போய்த் துண்டுப் பிரசுரங்களாக வெளியிட்டு மறுத்தார். அந்த வழக்கின் தொடர்ச்சிதான் இந்த ஓவியம் என்பது என் துணிபு. இது தனியொருவரின் சொத்தல்ல, ஒரு கூட்டத்தின் உழைப்பு என்கிறது அது. அந்த வாதம் நியாயமானது. ஆயினும் மேசையில் யாருக்கு இடம் கிடைத்தது என்று பாருங்கள். குழுவின் பெண் ஓவியர்கள் ஜெசிகா டிஸ்மாரும் ஹெலன் சாண்டர்ஸும் வாசலருகே நிற்கிறார்கள். 1914இல் ‘பிளாஸ்ட்’ முதல் இதழில் வந்த அறிக்கையில் கையொப்பமிட்ட 11 பேரில் இந்த இருவரும் உண்டு. ஆற அமர உட்கார்ந்திருக்கும் எட்செல்ஸின் பெயரோ அதில் இல்லை!

ராபர்ட்ஸ் நேரில் கண்டவர், பெண்கள் அன்று தாமதமாக வந்திருக்கலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் கவனமாகத்தான் இருந்தார்: போர்முனைக்குப் போய்விட்ட சிற்பி கோதியே-பிரெஸ்காவை அவர் மேசையில் சேர்க்கவில்லை. அந்தச் சிற்பி 1915 ஜூன் 5 அன்று களத்தில் மாண்டார். ஆனால் யார் இருந்தார்கள் என்பதற்குத்தான் நினைவு சாட்சி சொல்லும். யாரை நடுவில் வைப்பது, யாரை ஓரத்தில் நிறுத்துவது என்பது முழுக்க ஓவியரின் தீர்ப்பு. லூயிஸை எதிர்த்தவரே அவரை நடுவில் வைத்ததும் அப்படித்தான். அப்படி ஓரத்தில் நிறுத்தப்பட்ட சாண்டர்ஸின் ‘அட்லாண்டிக் சிட்டி’ ஓவியம் 1915இல் ‘பிளாஸ்ட்’ இரண்டாம் இதழில் அச்சானது. மூல ஓவியம் தொலைந்ததாகவே கருதப்பட்டது. லூயிஸின் ‘பிராக்ஸிடெல்லா’ ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அதனடியில் அது ஒளிந்திருந்தது 2022இல் வெளியே தெரிந்தது. பழைய கேன்வாஸை மறுபடி பயன்படுத்துவது ஓவியர்களிடையே வழக்கம்தான். அதை வைத்து லூயிஸின் உள்நோக்கத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் சாண்டர்ஸ் வாசலில் எட்டிப் பார்த்தவரல்ல, குழுவின் உள்வட்டத்திலேயே இருந்த ஓவியர் என்பதற்கு அந்த அடிப்படலமே சான்று. 1915ஐ எழுத வருபவர்கள் இந்த ஓவியத்திலிருந்து அல்ல, அந்தக் கையொப்பப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. ‘விண்டம் லூயிஸ்’ என்றே இருப்பதால் லூயிஸ் பெயர் கடைசியில் வருகிறது.