இராணுவக் கூட்டணிகளும் இலங்கையின் கிழக்குக் கரையும்

போட்டி வல்லரசொன்றின் எல்லையில் இருக்கும் நாட்டை இராணுவக் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளலாமா என்ற வாதம் இன்று பெரும்பாலும் நேட்டோவையும் ரஷ்யாவையும் சுற்றியே நடக்கிறது. உக்ரைனும் ஜோர்ஜியாவும் உறுப்பினராகும் என்று 2008 ஏப்ரலில் புக்கரெஸ்டில் கூடிய நேட்டோ அறிவித்தது. எப்போது என்று சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 4இல் பின்லாந்து சேர்ந்ததும் ரஷ்யாவுடனான நேட்டோவின் எல்லை மேலும் 1,300 கிலோமீற்றருக்கு அதிகமாக நீண்டது. இலங்கைக்கு இந்த வாதம் பழையது. இங்கே பெரிய அயலவர் இந்தியா. பேரப்பொருளோ பெரும்பாலும் கிழக்குக் கரை: கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று வடக்கே போய்த் திருகோணமலையில் முடியும் கரை.

மட்டக்களப்பு, 1638

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினர். திருகோணமலையை அவர்கள் அதற்கு முன்பே பிடித்திருந்ததால் கண்டி இராச்சியத்துக்குக் கடல்வழி அடைபட்டது. மேற்குக் கரையிலிருந்து அவர்கள் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னர் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். இப்பகுதி முஸ்லிம் ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்வு இது.

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் கடற்படை உள்ள துணையைத் தேடினார். ஒல்லாந்த அட்மிரல் வெஸ்டர்வோல்ட் வந்து சேர, இரு படைகளும் முற்றுகையிட்டு 1638 மே 18இல் புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தன. ஐந்து நாள் கழித்து உடன்படிக்கை கைச்சாத்தானது. போர்ச் செலவை மன்னர் கறுவா முதலிய பொருள்களாகக் கொடுக்க வேண்டும். வர்த்தகத்தில் ஒல்லாந்தருக்கு ஏகபோகம். சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது மன்னரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற சொற்கள் ஒரு பிரதியில் இருந்தன, மற்றதில் இல்லை. திருகோணமலையும் மட்டக்களப்பும் சில ஆண்டுகளில் மன்னரிடம் திரும்பின. கறுவா விளையும் மேற்கின் கோட்டைகளை விட ஒல்லாந்தருக்கு மனம் வரவில்லை. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது மன்னரின் ஆட்களை நகருக்குள் விடவே மறுத்தார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதாகச் சிங்களவர் இதைப் பழமொழியாக்கினர். அனுபவித்தவர்கள் சொன்னது, கூட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

தளமும் காப்புறுதியும்

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் முதலில் கொழும்பையும் பிறகு திருகோணமலையையும் தாக்கின. ஏப்ரல் 9இல் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் இருந்தோரில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தளம் இருக்கும் இடத்துக்கே குண்டும் வரும் என்பதைக் கரையோர மக்கள் அன்று கண்ணால் கண்டனர்.

ஐந்தாண்டு கழித்து, 1947 நவம்பர் 11இல், பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தார். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. இது போலிச் சுதந்திரம் என்றனர் இடதுசாரிகள். சோவியத் ஒன்றியமும் ஐ.நா.வில் அதே காரணத்தைச் சொல்லி இலங்கையின் விண்ணப்பத்தைத் தடுத்தது. உறுப்புரிமை 1955 டிசம்பரில்தான் கிடைத்தது. ஆனால் சேனாநாயக்க அஞ்சியது மொஸ்கோவுக்கு அல்ல, டில்லிக்கு. இந்து சமுத்திரப் பாதுகாப்பில் இலங்கை இந்தியாவோடு பிணைந்திருக்க வேண்டும் என்று கே.எம். பணிக்கர் போன்றோர் எழுதிவந்த காலம் அது. தொலைவிலிருந்த பழைய எசமானரை, பக்கத்திலிருந்த புதிய பெரியவருக்கு எதிரான காப்புறுதியாக அவர் வைத்துக்கொண்டார்.

மணிலா அழைப்பு, 1954

கூட்டணியில் சேர்வதா என்ற கேள்வி நேரடியாக எழுந்தது சீட்டோ எனப்படும் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு உருவானபோது. அப்போதைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல கம்யூனிசத்தை வெளிப்படையாகவே வெறுத்தவர். அவ்வாண்டு இந்தோசீனாவுக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச்சென்ற அமெரிக்க விமானங்களை இந்தியா தன் வான்வழியே விட மறுத்தது. அவர் இலங்கையில் இறங்க அனுமதித்தார். அவர் சேர்வார் என்றே பலரும் நினைத்திருக்கலாம்.

சேரவில்லை. ஏப்ரல் இறுதியில் கொழும்பில் கூடிய ஐந்து பிரதமர்களில் இந்தியாவின் நேரு, பர்மாவின் ஊ நூ, இந்தோனேசியாவின் அலி சாஸ்திரோஅமிஜோயோ ஆகியோர் கூட்டணிக்கு எதிர். பாகிஸ்தானின் முகம்மது அலி மட்டும் வேறு பாதையில் போனார். செப்டெம்பர் 8இல் மணிலாவில் ஒப்பமிட்ட எட்டு நாடுகளில் ஆசிய நாடுகள் மூன்றுதான்: பாகிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ். இலங்கை மாநாட்டுக்கே போகவில்லை.

இதைக் கொள்கைத் துணிவாகப் பாராட்டுவது வழக்கம். கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தன் கடப்பாடு கம்யூனிச ஆக்கிரமிப்புக்கு மட்டுமே என்று அமெரிக்கா ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தது. கொழும்பு உள்ளூர அஞ்சிய இந்தியாவிடமிருந்து அது காக்காது. சீனாவுடன் 1952இல் செய்த இறப்பர்–அரிசி உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது. கூப்பன் அரிசியில் கைவைத்த அரசு என்ன பாடுபடும் என்பதை 1953 ஹர்த்தால் காட்டியிருந்தது. பிரித்தானியரோ ஏற்கெனவே திருகோணமலையில் நின்றனர். சீட்டோவில் சேர்ந்தால் டில்லியின் கோபம் நிச்சயம், வரவு சொற்பம். பாகிஸ்தானும் கூட்டணியால் நினைத்ததைப் பெறவில்லை. 1965 இந்தியப் போரிலும் 1971 போரிலும் சீட்டோ அதற்காக எழவில்லை. அமைப்பு 1977இல் கலைக்கப்பட்டது.

தளம் திரும்பியதும் அணிசேராமையும்

1956இல் வென்ற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தளங்களைத் திருப்பிக் கேட்டார். திருகோணமலை 1957 ஒக்டோபர் 15இலும் கட்டுநாயக்க அடுத்த மாதமும் கைமாறின. 1961இல் பெல்கிரேட் அணிசேரா மாநாட்டுக்குப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க சென்றார். 1976இல் அணிசேரா உச்சிமாநாடு கொழும்பிலேயே நடந்தது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் ஐ.நா. தீர்மானம் 1971 டிசம்பரில் இலங்கையின் முயற்சியால் நிறைவேறியது. தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வளர்வதை அது தடுக்கவில்லை. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய கிளர்ச்சியின்போது இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் எல்லாமே கொழும்புக்கு உதவின. எந்தக் கூட்டணியிலும் இல்லாததால் கிடைத்த பலன் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

1987 கடிதங்கள்

சனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன மேற்கின் பக்கம் சாய்ந்தார். திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகள் யார் கைக்குப் போகும், வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா நிலையம் எதற்குப் பயன்படும் என்று டில்லி சந்தேகப்பட்டது. 1987 யூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்கள் இதற்குத்தான்: திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவமும் பயன்படுத்த விடுவதில்லை, தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகப் புதுப்பிக்கும். கூட்டணியில் சேராமலே அயலவரின் பாதுகாப்புக்குள் நாடு வந்துவிட்டது.

விலையைக் கொடுத்தது கிழக்கு. ஒப்பந்தப்படி வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. கிழக்கில் மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஐந்திலொரு பங்குக்கும் கீழானார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எம்.எச்.எம். அஷ்ரபின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1988 மாகாண சபைத் தேர்தலில் கல்முனைப் பக்கமெங்கும் எழுந்து நின்றதற்கு இந்த மனக்குறை முக்கிய காரணம். இணைப்பை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதென்றது. கடிதங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

பின்னர்

அமெரிக்காவுடன் 2007இல் படைத்துறை வழங்கல் உடன்படிக்கை கைச்சாத்தாகி 2017இல் புதுப்பிக்கப்பட்டது. அதே 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் சீனக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வருவதை டில்லி ஆட்சேபித்தது. 2025 ஏப்ரல் 5இல் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையும் அன்றே. இந்திய விஸ்தரிப்புவாதம் என்று தன் உறுப்பினருக்கு வகுப்பெடுத்து, 1987 ஒப்பந்தத்துக்கு எதிராக ஆயுதமும் ஏந்திய மக்கள் விடுதலை முன்னணியே இப்போது ஆட்சியின் மையக் கட்சி. பாதுகாப்பு உடன்படிக்கையின் வாசகத்தை அரசு கைச்சாத்தின்போது வெளியிடவில்லை. எதிர்க்கட்சிகள் அதைக் கேட்டன.