தீப்பெட்டிப் படங்கள்

சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவிற்று. அவ்வட்டையில் பேஸ்பால் ஆட்டக்காரரின் படத்தை அச்சிட்டதும் அது பிள்ளைகளின் செல்வமாயிற்று. 1909 முதல் 1911 வரை வெளிவந்த ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பாரின் அட்டை இடையிலேயே நிறுத்தப்பட்டது. எஞ்சியவற்றுள் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வரிசையில் ஒன்று குறைந்தால் சேர்ப்பவருக்கு உறக்கம் ஏது!

நம் தமிழ் மக்களுக்கு அத்தகைய படச் செல்வத்தை அளித்தது தீப்பெட்டியே. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லிப் பெட்டி வாங்கலாம். ஆகவே சேவலும் யானையும் தாமரையும் பெட்டியேறின. படம் அச்சிட அச்சகம் வேண்டியிருந்தது. சிவகாசி அச்சுத் தொழிலிலும் புகழ்பெற்றது.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்குக் கொச்சி அஞ்சல் முத்திரைகள் புதியன அல்ல. 1892-இல் புத்தன் கணக்கில் வெளிவந்த அவற்றுக்கு அட்டவணைகள் உண்டு. எது கிடைக்கவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் அறியலாம். தீப்பெட்டிப் படத்துக்கோ வரிசை எண்ணும் இல்லை, மொத்தக் கணக்கும் இல்லை. சிறு தொழிற்சாலைகள் பல. அவை வெளியிட்ட படங்களை எண்ணியவர் யார்? படம் ஒட்டிய கைகளையும் எவரும் குறித்து வைக்கவில்லை. அவற்றுள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிஞ்சுக் கைகளும் இருந்தன என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

ஆயினும் காலத்தை ஊகிக்க வழியுண்டு. மெல்லிய மரத்தகட்டுப் பெட்டி பழையது. அட்டையிலேயே படம் அச்சிட்ட பெட்டி பிற்பட்டது. 1934-இல் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை வந்தது; தீர்வை செலுத்தியதற்கு அடையாளமான தாள்பட்டை பெட்டியின்மீது ஒட்டப்பட்டது. விலையும் சான்றே. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி, 2021 டிசம்பர் முதல் தேதி இரண்டு ரூபாயாயிற்று. ஒரு ரூபாய் என அச்சிட்ட பெட்டி அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள் அடங்கும்.

சேர்ப்போர் பலர் படத்தை மட்டும் நீரில் ஊறவைத்து உரித்தெடுப்பர். நமக்கு அதில் உடன்பாடில்லை. உரித்த தாளில் தாள்பட்டையும் இராது, மரத்தகடும் இராது. கொல்லைப்புற அடுக்களையிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ ஒன்று அகப்படின், தாய்மார்கள் அதை அடுப்பிலிடாமல் முழுப்பெட்டியாகவே எடுத்துவைத்து, கிடைத்த இடத்தையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே இட வேண்டுகிறோம்.