மல்லேஸ்வரத்துத் தகப்பன்மார்

தான் பெற்ற குழந்தையைத் தன் தாய் தந்தையர் முன்னிலையில் கையில் எடுத்துக் கொஞ்சுவது மரியாதைக் குறைவு என்று கருதிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. அந்தத் தலைமுறைத் தகப்பன்மாருக்குக் குழந்தையிடத்தில் வாத்ஸல்யமே இல்லை என்று இன்று சிலர் தீர்ப்புச் சொல்லும்போது என் மனம் ஒப்புவதில்லை. அவர்களைத் தொட்டிலிலிருந்து விலக்கி வைத்தவை பிரசவ வழக்கமும், வீட்டின் ஒழுங்கும், உத்தியோகமும், ரயில் தூரமுமே என்பது என் அபிப்பிராயம். நான் குடியிருக்கும் மல்லேஸ்வரத்தின் பழைய சரித்திரமே அதற்குச் சாட்சி.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669ஆம் வருஷத்துச் சாசனம் ஒன்று உண்டு. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரான ஏகோஜி, மேதரநிங்கனஹள்ளி என்னும் கிராமத்தை ஸ்வாமிக்கு மானியமாக விட்ட செய்தியை அது தெரிவிக்கிறது. அதே ஏகோஜி சில வருஷங்களுக்குள் தஞ்சாவூரைக் கைப்பற்றி அங்கே மராட்டிய வம்சத்தை ஸ்தாபித்தார் என்பதையும், இரண்டு நூற்றாண்டு கழித்து அந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தே குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வக்கீல்களும் மூட்டை கட்டிக்கொண்டு மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். 1898 ஆகஸ்டு மாதம் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்து பேட்டையின் நெருக்கமான சந்துகளைச் சூறையாடிய பிறகு, காற்றும் வெளிச்சமும் புகும்படியான அகன்ற தெருக்களோடும், வீட்டைச் சுற்றித் தோட்டத்தோடும், தோட்டிகள் வந்துபோவதற்கென்று கொல்லைப்புறச் சந்துகளோடும் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர். 1909இல் ஊருக்கு வடக்கே டாடா இன்ஸ்டிட்யூட் ஏற்பட்டதும் படித்த தமிழர் வரவு இன்னும் பெருகியது.

வந்தவர்கள் உத்தியோகத்தைக் கொண்டுவந்தார்களே தவிர, பிரசவத்தைக் கொண்டுவரவில்லை. சீமந்தம் ஆனதும் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கணவன் இங்கே ஹோட்டல் சாப்பாட்டோடு கச்சேரிக்குப் போய்க்கொண்டிருப்பான். பிள்ளை பிறந்த சமாசாரம் தந்தியில் வரும். பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு 1864இலேயே ரயில் பாதை போட்டாகிவிட்டபடியால், சென்னைக்கு ஓர் இரவு, அங்கிருந்து எழும்பூர் வண்டியில் கும்பகோணத்துக்கோ மாயவரத்துக்கோ இன்னோர் இரவு என்று கணக்கிட்டு, பத்து நாள் தீட்டுக் கழிந்து பதினோராம் நாள் புண்யாஹவாசனத்துக்குப் போய்ச் சேருவான். வாத்தியார் சொல்லச் சொல்ல, தேனையும் நெய்யையும் பொன்னால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்து, வலது காதில் பெயரை மும்முறை ஓதி, மாமியார் வந்து வாங்கிக்கொள்ளும் வரையில் மடியில் வைத்திருந்துவிட்டு, லீவு இல்லாத காரணத்தால் மறுநாளே வண்டி ஏறிவிடுவான். தாயும் பிள்ளையும் மல்லேஸ்வரம் வந்து சேர மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். அதற்குள் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, குப்புறவும் கவிழ்ந்திருக்கும். முதற்சிரிப்பைப் பார்த்த பாக்கியம் தாத்தா பாட்டியைச் சேர்ந்தது. இதில் அந்தத் தகப்பனுடைய குற்றம் என்று நான் எதைச் சொல்வது?

நமது பூர்விகர்கள் தகப்பனை இவ்வளவு தூரம் ஒதுக்கி வைத்தவர்களும் அல்லர். பிரயாணம் போய்த் திரும்பிய தகப்பன் மகனை அருகில் அழைத்து அவனுடைய உச்சியை முகரவேண்டும் என்று க்ருஹ்ய சூத்திரங்கள் விதித்திருக்கின்றன. எண்ணெயும் பாலும் கலந்த மணம் வீசும் குழந்தையின் உச்சந்தலையில் ஒரு தரமாவது முகம் வைத்தவனுக்குத்தான் அந்த விதியின் அழகு தெரியும். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றில் கைவிட்டு அதை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாடியபோது, அரசன் என்ற கௌரவம் அவனைத் தடுக்கவில்லை. பிற்காலத்தில் பெரியாழ்வார் கண்ணனைச் சீராட்டுவதற்கு யசோதையின் பாவத்தை ஏற்றுக்கொண்டார். குலசேகராழ்வாரும் ராமனுக்குத் தாலாட்டுப் பாடும் இடத்தில் கோசலையாக ஆகி, ராமனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலம்பும் இடத்தில்தான் தசரதனாகப் பேசினார். ஆண்மகன் உள்ளத்தில் ஊறிய கனிவு தாயின் குரலில் வெளிப்படுவதும், தகப்பனுக்குப் பிரிவுத் துயரம் மிஞ்சுவதும் நம் இலக்கியத்தில் எவ்வளவு தூரம் ஊறிப்போயிற்று என்பதை யாராவது விரிவாக ஆராய்ந்து எழுதவேண்டும் என்று நான் வெகுநாளாக ஆசைப்படுகிறேன்.

மல்லேஸ்வரத்துப் பழைய வீடுகளில் எஞ்சியிருக்கும் சிலவற்றில் கூடத்து உத்தரத்தில் இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. பெரிய வளையங்கள் இரண்டில் ஊஞ்சல் தொங்கும். சற்றுத் தள்ளியுள்ள ஒற்றை வளையத்தில் பழம்புடவையால் தூளி கட்டுவார்கள். ஊஞ்சல் ஆண்களுக்கு, தூளி பெண்களுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்த தகப்பன் கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்த தூளியை, கூடத்தில் வேறு யாரும் இல்லாத வேளை பார்த்துத்தான் ஆட்டுவான் என்று இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த வயோதிகர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

1935இல் வாணி விலாஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்ட பிற்பாடு பிரசவம் மெல்ல மெல்ல ஊருக்குள்ளேயே நடக்கத் தொடங்கியது. அதனால் கணவனும் பக்கத்தில் இருக்க நேர்ந்தது. கூட்டுக் குடும்பம் கலைந்தது. மனைவியும் உத்தியோகத்துக்குப் போனாள். தோட்ட வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. பிறந்தகத்துப் பாட்டி இரண்டு மாதமும் புக்ககத்துப் பாட்டி இரண்டு மாதமும் முறைபோட்டு வந்திருந்துவிட்டுத் திரும்பியதும், இரண்டு படுக்கையறை வீட்டில் மிஞ்சுகிறவர்கள் தாய், தகப்பன், குழந்தை மூவரே. வெட்கப்படுவதற்கு எதிரில் யாரும் இல்லாமற் போனது ஒரு காரணம் என்றால், வேலை செய்ய வேறு கை இல்லாமற் போனது அதைவிடப் பெரிய காரணம்.

என் மகனை நீராட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் தாயார். மணையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிச் சேர்த்து, முழங்காலுக்குக் கீழே உண்டாகும் பள்ளத்தில் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, பாத்திரத்துத் தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்து, முதுகில் உள்ள எண்ணெய் போக ஊற்றுவது ஒரு தேர்ந்த கலை. "கழுத்து இன்னும் நிக்கலைடா, தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கோ" என்று அவள் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டே இருப்பாள். வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து ஊட்டும் உரைமருந்தை மாத்திரம் வைத்தியர் வேண்டாம் என்றதால் நிறுத்தினோம். அம்மாவுக்கு அதில் வருத்தந்தான். பால் குடித்த பிள்ளையைத் தோளில் சார்த்தி ஏப்பம் விடும்வரை முதுகைத் தட்டிக்கொண்டு கூடத்தில் உலாத்துவதும், நடுநிசியில் ஈரத்துணி மாற்றுவதும், விடியற்காலையில் தாய் ஒரு மணி நேரம் கண்ணயரட்டும் என்று அவனைத் தூக்கிக்கொண்டு சாங்கி ஏரிக் கரைக்குப் போவதும் என் பங்கு. கரையில் என்னைப் போலவே மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வரும் தகப்பன்மார், தமிழரும் கன்னடியரும் மலையாளிகளும், ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்கிறோம்.

வீடு மாறிய அளவுக்குச் சட்டம் மாறவில்லை. ஐந்தாவது ஊதியக் குழுவின் சிபாரிசின் பேரில் 1997 முதல் மத்திய சர்க்கார் சிப்பந்திக்கு, உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு உண்டு. 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தித் தாய்க்கு உரிய விடுப்பைப் பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாக உயர்த்தியபோது, தகப்பனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. தனியார் கம்பெனியில் வேலை செய்பவன் முதலாளி மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளவேண்டியதுதான். பதினைந்து நாளில் குழந்தையின் தொப்புள்கொடி உதிர்ந்து புண் ஆறியிருக்கும், அவ்வளவே. தாய்க்கு உடம்பு தேறி இரவுத் தூக்கம் திரும்ப மூன்று மாதமாவது பிடிக்கும். அந்த மூன்று மாதத்தையும் சம்பளத்தோடு தகப்பனுக்குக் கொடுக்கவேண்டும், அதுவும் கம்பெனியின் தயவாக அல்லாமல் சட்டத்தின் பேரில் கொடுக்கவேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன்.