அந்த இடத்துக்கு முன்பு என்ன பெயர்?

மூன்று வருடங்களுக்கு முன் சிலாங்கூரில் ஒரு தெமுவான் கம்பத்துக்கு வரைபடம் போடப் போயிருந்தேன். சம்பள வேலை இல்லை. பல்கலைக்கழக நண்பன் ஒருவன் வார இறுதிகளில் ஓராங் அஸ்லி கிராமங்களுக்குத் தன்னார்வலராகப் போவான். "நீ சிவில் இஞ்சினியர்தானே, ஜிபிஎஸ் பிடிக்கத் தெரியும்ல, வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

கம்பத்துப் பெரியவர் முன்னால் நடப்பார். ஒரு டுரியான் மரத்தடியில் நிற்பார். அதை நட்டது யார், அவருக்குப் பிறகு அது யாருக்குச் சேர்ந்தது என்று சொல்வார். நான் கருவியில் புள்ளி வைப்பேன். அவருடைய பேத்தி நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதுவாள். ஓடை, பாறை, பழைய கல்லறை, கைவிடப்பட்ட வீட்டு மேடு, எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. பாதிப் பெயர்கள் பேத்திக்கே தெரியவில்லை. "இது எப்பொ வச்ச பேரு தாத்தா?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவர் மலாயில் என்னிடம் கேட்டார்.

"உன் தாத்தா எங்கே இருந்தார்?"

"எஸ்டேட்ல. பால்மரம் வெட்டினார்."

"எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு என்ன பெயர்?"

எனக்குத் தெரிந்தது வெள்ளைக்காரன் வைத்த எஸ்டேட் பெயர்தான். "அதுக்கு முன்னாடி வெறும் காடு" என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "காட்டுக்கும் பெயர் இருக்கும்" என்றார்.

"காட்டை அழிச்சு நாடாக்குனது நாங்க" என்று தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேடைப் பேச்சில், தோட்டத்து நாவல்களில், தேர்தல் சமயத்தில் இந்த வாக்கியம் தவறாமல் வரும். அதிலுள்ள வியர்வையும் சாவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் காட்டில் அதற்கு முன் யார் இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது நான் பலமுறை கார் ஓட்டிப் போன சாலை. விமான நிலையத்தை இணைக்கும் நீலாய்–பந்திங் நெடுஞ்சாலைக்காக 1995ஆம் ஆண்டு டெங்கில் அருகே புக்கிட் தம்போய் கம்பத்தில் 38 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம் எடுக்கப்பட்டது. அங்கே இருந்தவர்கள் தெமுவான் மக்கள். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். நிலத்துக்குக் கொடுக்கவில்லை. காரணம் எளிது, அவர்களிடம் கிராண்டு இல்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டத்தை அரசு காட்டியது. அதன்படி அவர்கள் அரசு விரும்பும்வரை குடியிருப்பவர்கள். மரம் அவர்களுடையது, மரம் நிற்கிற மண் அவர்களுடையது இல்லை.

சாகோங் தாசி என்பவரும் இன்னும் ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பின் வாதம்தான் என்னை நிறுத்தியது. இவர்கள் செம்பனை நடுகிறார்கள், வெளியே வேலைக்குப் போகிறார்கள், காட்டை நம்பி வாழவில்லை, ஆகவே பழைய பூர்வகுடிகள் இல்லை என்றார்கள். காட்டில் இருந்தால் நாகரிகமில்லாதவன். காட்டை விட்டு வந்தால் பூர்வகுடியே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம் கிடையாது.

2002ஆம் ஆண்டு ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி முகமட் நோர் அகமட் இதை ஏற்கவில்லை. அவர்கள் தெமுவான் மொழி பேசுகிறார்கள், தங்கள் அடாட்டின்படி வாழ்கிறார்கள், நிலம் அந்த வழக்கப்படியே தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுகிறது, ஆகவே நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். நிலம் எடுப்புச் சட்டப்படி நட்ட ஈடு தரவும் உத்தரவிட்டார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம் இன்னும் ஒரு படி மேலே போனார். இவர்களின் நிலத்தைக் காப்பது அரசின் கடமை, ஒரு பகுதியை அரசிதழில் பதியாமல் விட்டது அரசின் தவறு, தன் தவறையே காரணம் காட்டி அரசு நட்ட ஈட்டைக் குறைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2010இல் கூட்டரசு நீதிமன்றத்தில் 6.5 மில்லியன் ரிங்கிட்டுக்குச் சமரசமாகி வழக்கு முடிந்தது. நிலம் எடுத்து 15 வருடம் ஆகியிருந்தது. சாலை எப்போதோ திறந்துவிட்டது.

இந்தத் தீர்ப்புக்கு முன்னோடி ஜொகூரில் இருக்கிறது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது இன்னும் நெருக்கமானது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் தர லிங்கியூ அணை கட்டப்பட்டபோது ஜக்குன் மக்கள் நடமாடி வந்த 53,273 ஏக்கர் காடு போனது. அந்த நிலத்துக்காக ஜொகூர் அரசுக்குச் சிங்கப்பூர் கொடுத்தது 320 மில்லியன் ரிங்கிட். ஜக்குன் மக்களுக்குப் பயிருக்கும் மரத்துக்குமாக வந்தது சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட். அடோங் குவாவும் மற்றவர்களும், மொத்தம் 52 பேர், வழக்குப் போட்டார்கள். 1996இல் நீதிபதி மொக்தார் சிடின் அவர்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் தரச் சொன்னார். பாரம்பரிய நிலம், நடமாடும் சுதந்திரம், காட்டு விளைபொருள், வருங்கால வாழ்வு ஆகியவற்றை இழந்ததற்கான ஈடு அது.

அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டிய வழக்குகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஆஸ்திரேலியாவை யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் என்று கருதிய வாதத்தை 1992இல் உடைத்த மாபோ வழக்கு. இன்னொன்று அதற்கும் முந்தையது, 1973இல் கனடாவில் வந்த கால்டர் வழக்கு. ஜொகூர் காட்டு மக்களுக்குக் கை கொடுத்தது பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் சால்மன் மீன் பிடிக்கும் நிஸ்கா மக்கள் போட்ட வழக்கு என்று படித்தபோது, அவர்கள் கதையையும் தேடிப் போனேன்.

நிஸ்கா மக்கள் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில். அவர்கள் நிலத்தை யாரும் போரில் வெல்லவில்லை, அவர்களும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் சர்வேயர்கள் வந்து அளந்தார்கள். 1887இல் தலைவர்கள் படகேறி விக்டோரியா நகரத்துக்குப் போய், எங்களோடு ஒப்பந்தம் போடுங்கள் என்று கேட்டார்கள். முதலமைச்சர் மறுத்து அனுப்பினார். பூர்வகுடிகளின் நிலத்தை முறைப்படி ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சொன்ன 1763ஆம் ஆண்டின் அரச பிரகடனத்தைக் காட்டி, 1913இல் லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். அதற்கும் பலனில்லை.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1885 முதல் 'போட்லாட்ச்' என்ற சடங்கு விருந்து கனடாவில் குற்றம். வெறும் விருந்தென்று நினைத்தால் ஏன் தடை செய்தார்கள் என்று புரியாது. அந்த விருந்தில்தான் ஒருவர் தன் முன்னோரின் பெயரை ஏற்பார். பெயரோடு எந்த ஆறு, எந்த மலைச்சரிவு அவருடைய பொறுப்பு என்பது ஊரறியச் சொல்லப்படும். வந்தவர்கள் விருந்துண்டு பரிசு வாங்கிக்கொள்வதே சாட்சிக் கையெழுத்து. நம்முடைய நில அலுவலகம் செய்கிற வேலை அது. 1927இல் வந்த இன்னொரு சட்டம், நில உரிமை கேட்டு வழக்குப் போடப் பணம் திரட்டுவதையே தடுத்தது. 1951 வரை இரண்டு தடைகளும் இருந்தன. பண்பாடு வேறு நிலம் வேறு என்று நாம்தான் பிரித்துப் பேசுகிறோம். தடை போட்டவர்களுக்கு இரண்டும் ஒன்று என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்துக்கு 1949இல் தேர்வான ஃபிராங்க் கால்டர் ஒரு நிஸ்கா. அவர் பெயரில்தான் அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பூர்வகுடி உரிமை என்ற ஒன்று சட்டத்தில் இருந்தது என்று 7 நீதிபதிகளில் 6 பேர் சொன்னார்கள். அது இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதில் 3 பேர் ஒருபக்கம், 3 பேர் மறுபக்கம். ஏழாவது நீதிபதி நடைமுறைக் காரணம் சொல்லித் தள்ளுபடி செய்தார். கணக்குப்படி நிஸ்கா தோற்றார்கள். ஆனால் இனி பேசாமல் இருக்க முடியாது என்று கனடா அரசுக்குப் புரிந்துவிட்டது. 1976இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. மாநில அரசு 1990இல்தான் வந்து உட்கார்ந்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2000 மே 11. படகேறிப் போனதிலிருந்து எண்ணினால் 113 வருடம்.

கிடைத்தது சுமார் 2,000 சதுர கிலோமீட்டர், சொந்த அரசு, மீன்பிடிப்பில் பங்கு, இழப்பீட்டுப் பணம். கேட்ட நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமா என்று நிஸ்கா மக்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அதே ஒப்பந்தத்தில் அருங்காட்சியகங்களிலிருந்து பழம்பொருள்களைத் திருப்பித் தரும் பகுதியும் உண்டு. 2011இல் அவற்றுக்காகச் சொந்த அருங்காட்சியகம் திறந்தார்கள். 1929இல் பிடுங்கிப்போன ஒரு நினைவுத் தூணை 2023இல் ஸ்காட்லாந்து வரை போய்க் கேட்டு வாங்கி வந்தார்கள்.

நிஸ்காக்களின் பக்கத்து மக்களான கிட்க்சான் போட்ட வழக்கில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தன் குலத்தின் பாடலைச் சாட்சியமாகப் பாட முன்வந்தார். தன் காது தகரக் காது, பாடிப் பயனில்லை என்று நீதிபதி தடுக்கப் பார்த்தார். அவர் பாடினார். அதே நீதிபதி 1991இல் வழக்கைத் தள்ளினார். 1997இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்புத் தந்து மறுபடி விசாரிக்க வேண்டும் என்றது. எங்கள் பாட்டியின் ஒப்பாரியை ஒரு கோர்ட்டில் பாடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அதில் ஊர் இருக்கும், வயல் இருக்கும், யார் யாருக்கு என்ன முறை என்பது இருக்கும்.

இங்கே அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. 1874இல் பங்கோரில் பிரிட்டிஷ்காரர்கள் மலாய் ஆட்சியாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஓராங் அஸ்லியோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை. 2013இல் சுஹாகாம் பூர்வகுடி நில உரிமை பற்றித் தேசிய விசாரணை அறிக்கை வெளியிட்டு 18 பரிந்துரைகள் தந்தது. நிலம் மாநில அரசின் கையில், ஓராங் அஸ்லி விவகாரம் மத்திய அரசின் கையில். 2019இல் தெமியார் மக்களுக்காக மத்திய அரசே கிளந்தான் அரசின் மேல் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. ஒவ்வொரு கம்பமும் தனித்தனியாகக் கோர்ட் ஏறி, நாங்கள்தான் நாங்கள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேத்தியின் நோட்டுப் புத்தகம் அதற்குத்தான். தாத்தா சொல்லி அவள் எழுதிய ஓடைப் பெயர்கள் நாளைக்குச் சாட்சியம். அந்த ஒரு வாரக் கடைசியில் தன் மொழியில் அவள் கற்றுக்கொண்ட சொற்களும் அவைதான்.

நம் கதைக்கு வருகிறேன். எங்கள் எஸ்டேட்டை விற்றபோது தாத்தாவிடமும் கிராண்டு இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. இன்று அங்கே வீடமைப்புப் பகுதி. இதைச் சொல்லும்போது ஓராங் அஸ்லியும் நாமும் ஒன்று என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. அது சரியில்லை. எங்களை வெளியேற்றிய நிலத்திலிருந்து எங்களுக்கு முன்னால் யாரோ வெளியேறியிருக்கிறார்கள். அந்தக் காட்டை வெட்டிய கை எங்களுடையது. வெட்டச் சொன்னது நாங்கள் இல்லை, லாபம் எங்களுக்கு வரவுமில்லை. ஆனால் "வெறும் காடு" என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டது நாங்களே. மாபோ வழக்கில் உடைந்த வாதத்தை நாம் தமிழில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன தீபாவளிக்குப் பாட்டியிடம் கேட்டேன். "நம்ம எஸ்டேட்டுக்கு முன்னாடி அங்க யாரு பாட்டி இருந்தா?"

"யாரு இருந்தா? காடுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சக்காய் கெழவன் ஒருத்தன் வருவான். தேன் கொண்டாந்து குடுத்துட்டு உப்பும் அரிசியும் வாங்கிட்டுப் போவான். அவங்க அப்பன் கல்லறை நம்ம இருபதாம் நம்பர் நெரையிலதான் இருக்குன்னு சொல்லுவான். நாங்க சிரிப்போம்" என்றார்.

அந்தச் சொல் இப்போது வசை, அப்படிச் சொல்லக்கூடாது பாட்டி என்றேன். சரி என்று தலையாட்டினார்.

"அங்க ஓடுன ஆத்துக்கு அவரு என்ன பேரு சொன்னாரு?"

பாட்டி யோசித்தார். "என்னமோ சொல்லுவாரு. நாங்க கேட்டுக்கல."