ஆறும் ஆகாயமும்: காரணம் யார் என்னும் வினாவின் வரலாறு

தீங்கு நேர்ந்தபின் மனிதன் முதன்முதலில் எழுப்பும் வினா, அதற்குக் காரணம் யார் என்பதாகும். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆதாம் பெண்ணைச் சுட்டினான். பெண் பாம்பைச் சுட்டினாள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவரும் தப்பவில்லை. புவி வெப்பமடைதல் குறித்து உலகில் நிகழ்ந்துவரும் விவாதத்தை இறையியல் மாணவர்களுக்கு விளக்க முற்படும்போதெல்லாம் இவ்வதிகாரமே என் நினைவுக்கு வருகிறது. அவ்விவாதம் ஏதோ தொலைதூர நாடுகளின் பேச்சு என்று நம்மவர் எண்ணுகின்றனர். அதே விவாதம், அதே படிகளோடு, நொய்யல் ஆற்றங்கரையில் நம் கண்முன் நடந்தேறியிருக்கிறது. இவ்விரு வரலாறுகளையும் ஒருசேர வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆற்றின் வழக்கு

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். 1920களில் திருப்பூரில் வேரூன்றிய பனியன் தொழில், 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதித் தொழிலாகப் பெருகியது. சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வட மாநிலங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தனர். வானம் பார்த்த பூமியின் மக்களுக்கு அது பெரும் வாழ்வாதாரமாயிற்று என்பதை மறுத்தலாகாது.

ஆனால் பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாயம் துணியோடு போய்விடும். உப்போ நீரிலேயே தங்கிவிடும். அந்நீர் ஆற்றில் விடப்பட்டது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென 1992ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உப்பாயின, தென்னைகள் பட்டுப்போயின, பாசனத்திற்காகக் கட்டிய அணையின் நீரை வயலுக்கு விடாதீர் என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது.

அப்பொழுது எழுந்த வாதங்கள் கவனிக்கத்தக்கவை. நகரங்களின் சாக்கடை நீரன்றோ காரணம் என்றனர் சிலர். மழை குறைந்ததும் நிலத்தடியின் இயற்கை உப்புமே காரணம் என்றனர் வேறு சிலர். உழவர் இடும் உரத்தைச் சுட்டினோரும் உண்டு. இவற்றில் ஓரளவு உண்மையும் இருந்தது. கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை நொய்யலில் கலப்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் கிணறுகளில் மிகுந்திருந்த உப்பின் அளவு சாயத்தொட்டியையே சுட்டிக்காட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டபோது நீரின் நிறம் குறைந்தது. கரைந்த உப்பு குறையவில்லை. கண்ணுக்குத் தெரிந்த மாசு நீங்க, தெரியாத மாசு நிலைத்தது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் நெறியை, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறையாளர்களின் பொறுப்பை உறுதிசெய்தது. கட்டளை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றத்தின் பயனில் மிகச் சிறிய பங்கே பெற்றிருந்த கூலித் தொழிலாளர், தண்டனையில் முதற்பங்கைச் சுமந்தனர்.

2. ஆகாயத்தின் வழக்கு

இனி ஆகாயத்தை நோக்குவோம். பூமியின் வெப்பத்தை அதன் காற்றுமண்டலம் காத்துவைக்கிறது என்னும் கருத்தை 1824ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெளியிட்டார். கரியமில வாயு வெப்பத்தை ஈர்ப்பதை 1856இல் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணியும், 1859இல் ஜான் டிண்டலும் சோதனைகளால் காட்டினர். நிலக்கரி எரிப்பதால் உலகம் வெப்பமுறும் என்று 1896இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் கணக்கிட்டார். குளிர்நாட்டவரான அவர் அதனை நன்மையாகவே கருதினார். 1938இல் காலெண்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், அவ்வெப்ப உயர்வு தொடங்கிவிட்டது என்றார். அறிஞர் பலர் ஐயுற்றனர். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலைமீது அளவெடுக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு ஏறக்குறைய 315 பங்காக இருந்தது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது. இயந்திரத் தொழில் பரவுமுன் அது ஏறக்குறைய 280 மட்டுமே.

இங்கும் நொய்யற்கரையில் கேட்ட வாதங்களே எழுந்தன. கதிரவன் காரணம், எரிமலை காரணம், இயற்கையின் சுழற்சியே காரணம் என்றனர். இவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. பண்டைக் காலங்களில் தட்பவெப்பம் இயற்கையாகவே மாறியிருக்கிறது. ஆனால் கிணற்றின் உப்பு சாட்சி சொன்னதுபோல, காற்றிலும் சாட்சி கிடைத்தது. நெடுங்காலம் மண்ணில் புதைந்திருந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கதிரியக்கக் கரி இராது. அத்தகைய பழங்கரி காற்றில் கலந்துவருவதை ஹான்ஸ் சூஸ் 1955இல் எடுத்துக்காட்டினார். மேலும், கதிரவன் காரணமாயின் காற்றுமண்டலத்தின் மேலடுக்கும் வெப்பமுற வேண்டும்; அதுவோ குளிர்ந்திருக்கிறது. 1988இல் அமைக்கப்பட்ட பன்னாட்டு அரசுகளின் அறிஞர் குழு, 1990 முதல் தன் அறிக்கைகளில் படிப்படியாக உறுதி கூட்டிவந்து, மனிதச் செயலே வெப்பமடைதலுக்குக் காரணம் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை என 2021இல் அறிவித்தது.

3. பங்கு எவ்வளவு?

காரணம் மனிதன் என்றால், எந்த மனிதன்? 1990ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட பட்டியலில், மாசு மிகுந்த நாடுகளுள் முன்வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது. அதனை மறுத்து 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் நூலொன்று எழுதினர். பிழைப்பதற்காக ஏழை வெளியிடும் புகையையும், செல்வர் தம் சுகவாழ்விற்காக வெளியிடும் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பது அவர்தம் வாதம். பொறுப்பு யாவருக்கும் பொது, ஆயினும் அளவு வேறு என்னும் நெறியை 1992ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது.

திருப்பூருக்கு இவ்வினா மிக நெருக்கமானது. இங்கு தைக்கப்படும் பனியனை அணிபவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். அதற்கான புகை நம் கணக்கில் எழுதப்படுகிறது. உப்பு நம் நிலத்தில் படிகிறது. வேறொரு முரணும் உண்டு. ஆற்றைக் காக்க, உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு விறகும் மின்சாரமும் செலவாகின்றன. ஆற்றிலிருந்து இறக்கிய பாரத்தின் ஒரு பகுதி ஆகாயத்தின்மீது ஏறுகிறது. மறுபுறம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகளை நாட்டியோரில் பனியன் தொழிலதிபர் பலர் உளர். வரிச்சலுகையும் ஆதாயமும் அதற்குத் தூண்டுதலாயிருக்கலாம். எனினும் பயன் மெய்யானது. ஆகவே தொழிலை முற்றும் பழிப்பதும், முற்றும் புகழ்வதும் வரலாற்றுக்குப் பொருந்தா.

4. திருச்சபையும் குற்றவாளிக் கூண்டும்

இவ்வழக்கில் நாமும் குற்றஞ்சாட்டப்பட்டோம். மனிதன் பூமியை ஆண்டுகொள்ள வேண்டும் என்னும் கிறிஸ்தவப் போதனையே இயற்கையின் சீர்கேட்டிற்கு வேர் என, 1967இல் லின் வைட் என்னும் வரலாற்றறிஞர் எழுதினார். அதனை மறுக்க நாம் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தின் பதினைந்தாம் வசனத்தைக் காட்டுகிறோம். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் வைக்கப்பட்டான் என்கிறோம். விடை சரியானதே. ஆனால் மறுப்பு எழுதுவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. நீதி, சமாதானம், படைப்பின் ஒருமைப்பாடு ஆகியவற்றை ஒரே கடமையாக ஏற்குமாறு 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றம் அழைத்தது. அவ்வழைப்பு நம் பிரசங்க பீடங்களை எவ்வளவு எட்டியது என்று ஆராய்வது நமக்கு நன்று.

அண்மையில் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: “ஐயா, முன் பெஞ்சில் பட்டறை முதலாளி இருக்கிறார், நடுவில் அவரிடம் வேலை செய்பவர் இருக்கிறார், பின்னால் கிணறு உப்பாகிப்போன உழவர் இருக்கிறார். நான் யாருக்குப் பிரசங்கிப்பது?” நான் எசேக்கியேல் முப்பத்து நான்காம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். தெளிந்த நீரைத் தான் குடித்துவிட்டு, மிச்சத்தைக் காலால் கலக்கி மற்ற ஆடுகளுக்கு விடும் கொழுத்த ஆட்டை ஆண்டவர் அங்கே நியாயம் விசாரிக்கிறார். கலங்கிய நீரைக் குடித்த ஆட்டையும், கலக்கிய ஆட்டையும் அவர் சமமாகப் பாவிக்கவில்லை. இரண்டும் தம் மந்தையே என்பதையும் மறக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்வதே ஆயரின் பணி. முதலாளியிடம் அவர் பங்கு இன்னதென்று அஞ்சாமல் கூறவேண்டும்; பட்டறை மூடப்படும் நாளில் தொழிலாளியின் அடுப்பை நினைக்கவேண்டும்; உழவரின் இழப்பு ஈடுசெய்யப்படும்வரை வாய் மூடலாகாது.

அவ்வதிகாரம் ஆடுகளோடு தொடங்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. அது மேய்ப்பரோடு தொடங்குகிறது. மந்தையின் கொழுமையைத் தாம் உண்டு, நலிந்ததைத் தேற்றாத மேய்ப்பரே முதலில் விசாரிக்கப்படுகின்றனர். நம் காணிக்கைப் பெட்டியில் அம்மூவர் காசும் விழுகின்றன. காரணம் யார் என்னும் வினாவை ஆற்றங்கரையிலும் உலக மன்றங்களிலும் பிறர் எழுப்பி விடை கண்டுவிட்டனர். திருச்சபையில் அதனைத் தம்மை நோக்கி முதலில் எழுப்பிக்கொள்ளும் கடமை நம்முடையது.